நீதிபதி மயங்கி விழும் நாடகம்: அறிஞர் அண்ணா கட்டிய நீதிமன்றம்

தமிழ்ப் படங்களில் நீதிமன்றக் காட்சி வந்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். கறுப்பு அங்கி அணிந்த வக்கீல் எழுவார். குரலை உயர்த்துவார். பின்னணி இசை அதற்கு மேலே உயரும். நீதிபதி மேசையைத் தட்டி அமைதி கேட்பார். எல்லாம் முடியப்போகும் நேரத்தில் ஒரு சாட்சி கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவார். இத்தனை இருந்தும் பல காட்சிகள் மறுநாள் காலையில் நினைவில் இருப்பதில்லை. ஆனால் யாரும் ஓடி வராத, யாரும் மேசையைத் தட்டாத, இருவர் நின்று பேசுவது மட்டுமே நடக்கின்ற சில நாடகங்கள் நம்மை மூச்சடக்கிக் கேட்க வைத்துவிடுகின்றன.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், எங்கள் நாடகக் குழுவுக்காக ஒரு நீதிமன்றக் காட்சி எழுதும் பொறுப்பை ஏற்றபோது இந்தக் கேள்வியோடுதான் பழைய தமிழ் நாடகங்களைத் தேடிப் படித்தேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், சட்டம் படிக்காத ஒருவரின் எழுத்து. அவர் காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை. நம் தாத்தா பாட்டிகளுக்கு அறிஞர் அண்ணா. அவரை முதலமைச்சராகவும் மேடைப் பேச்சாளராகவும் பாடநூல்கள் நமக்கு அறிமுகப்படுத்துகின்றன. நாடக ஆசிரியர் அண்ணாவை நம் தலைமுறையில் பலருக்குத் தெரியாது. அவரைத்தான் இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

நெசவாளர் ஊரிலிருந்து வந்தவர்

அண்ணா 1909ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழில் சார்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். தாயார் பங்காரு அம்மாள். பிள்ளையை வளர்த்து ஆளாக்கியதில் சிற்றன்னை இராசாமணி அம்மாளுக்குப் பெரும்பங்கு உண்டு. அண்ணா அவரைத் தொத்தா என்றே அழைத்தார். பச்சையப்பன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது குடும்ப நிலை காரணமாக நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் பயின்று பட்டம் பெற்றார். படிப்பு முடியும் காலத்தில், 1934இல், திருப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையின் திசையை முடிவு செய்தது.

அண்ணா இரண்டு மொழிகளிலும் சரளமாகப் பேசினார், எழுதினார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று இரண்டு உலகங்களில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செய்தி ஒரு தெம்பு தருகிறது. ஆங்கிலத்தில் அவர் படித்தவை தமிழில் அவர் எழுதியவற்றுக்கு உரமாயின. ஒரு மொழியை வளர்க்க இன்னொரு மொழியைக் கைவிட வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றார். 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே 'சந்திரோதயம்' நாடகத்தை எழுதி மேடையேற்றினார். எழுதியதோடு நிற்காமல் தாமே ஒப்பனை போட்டுக்கொண்டு நடிக்கவும் செய்தார். 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில் காகபட்டராக நடித்தவர் அவர்தான். மேடையில் நின்று பார்த்தவர் என்பதால், ஒரு வசனம் எப்போது அவையை அடைகிறது, எப்போது காற்றில் போகிறது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

சட்டக் கல்லூரியில் ஒரு வழக்கு

நீதிமன்ற நாடகத்துக்கான விதை 1943இல் விழுந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தார் முழங்கிய காலம் அது. தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தார்கள். இரு தரப்பும் ஒரே மேடையில் வாதிடுவது என்று முடிவாயிற்று. பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைச் சட்டக் கல்லூரியில் அண்ணாவும் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளையும் மோதினார்கள். அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு இன்னொரு விவாதம். எதிரில் நின்ற இரண்டு பேரும் தமிழில் கரை கண்டவர்கள். இரண்டு பேரும் சட்டம் படித்தவர்கள். அண்ணாவுக்கு அப்போது வயது 33.

இந்த விவாதங்களில் வென்றது யார் என்ற கேள்விக்கு இன்றும் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. விவாத மேடையில் ஒவ்வொரு தரப்புக்கும் அதன் ஆதரவாளர் கைதட்டுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவரவர் வரும்போது கொண்டுவந்த எண்ணத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நாடகத்தில் அப்படி முடியாது. ஒரு பாத்திரத்தின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதன் வலியைக் கேட்டே ஆக வேண்டும். சட்டக் கல்லூரியில் பேசிய அதே பொருளைப் பின்னாளில் அண்ணா ஒரு கற்பனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலைக்காரியின் வக்கீல்

அந்தக் கற்பனை நீதிமன்றத்துக்குப் போகுமுன், தமிழ் மக்கள் அதிகம் பார்த்த அண்ணாவின் நீதிமன்றக் காட்சியைப் பார்த்துவிடுவோம். அது 'வேலைக்காரி'. கே.ஆர். இராமசாமியின் நாடகக் குழு மேடையேற்றிய இந்த நாடகம் 1949இல் ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் திரைப்படமாக வந்து பெரும் வெற்றி பெற்றது. இந்தக் காலத்தில் அண்ணாவின் நாடகத்தைப் பார்த்த எழுத்தாளர் கல்கி, இயக்க வேறுபாடுகளைத் தள்ளி வைத்துவிட்டு, அவரைப் பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார்.

கதை இதுதான். வேதாசல முதலியார் என்னும் செல்வரிடம் கடன் பட்ட ஓர் ஏழை, அவமானம் தாங்காமல் உயிரை விடுகிறார். வெளியூரில் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் மகன் ஆனந்தன் பழிவாங்கக் கத்தியை எடுக்கிறான். நண்பன் மணி அவனைத் தடுத்து, கத்தியைவிட அறிவுக்கு ஆழம் அதிகம் என்று புரிய வைக்கிறான். ஆனந்தன் வேறொரு பெயரில் முதலியார் குடும்பத்துக்குள் நுழைகிறான். முதலியாரின் மகன் மூர்த்தி, வீட்டு வேலைக்காரி அமிர்தத்தைக் காதலித்து வீட்டைப் பகைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு போலிச் சாமியாரைக் கொன்ற வழக்கில் மாட்டிக்கொள்கிறான். நீதிமன்றத்தில் அவனுக்காக வாதாட ஒரு வக்கீல் எழுகிறார். மாறுவேடத்தில் நிற்கும் அந்த வக்கீல் ஆனந்தன்தான். சாமியாரின் உண்மை முகத்தை வெளிக்கொண்டு வந்து மூர்த்தியைக் காப்பாற்றுகிறான்.

இங்கே பதற்றம் எப்படிப் பிறக்கிறது என்று கவனியுங்கள். வக்கீல் யார் என்பது நீதிபதிக்குத் தெரியாது. கூண்டில் நிற்பவனுக்கும் தெரியாது. பார்வையாளர்களாகிய நமக்கு மட்டும் தெரியும். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியா ஆண் வேடத்தில் வக்கீலாக வரும் காட்சியிலும் இதே உத்திதான். ஆனால் அண்ணா அதில் இன்னொரு முடிச்சையும் போடுகிறார். காப்பாற்றப்படுபவன், தன் தந்தையின் சாவுக்குக் காரணமானவரின் மகன். ஆனந்தன் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், இவன் உண்மையிலேயே காப்பாற்றத்தான் வந்தானா என்ற ஐயம் நமக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வழக்கு ஒன்று, அதற்கு அடியில் இன்னொரு வழக்கு. இதுதான் பதற்றத்தை உண்டாக்கும் முதல் வழி என்று நான் குறித்துக்கொண்டேன்.

தோட்டத்துத் திடலில் விழுந்த வெளிச்சம்

என் தாத்தா கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். அந்த வட்டாரம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை என வரிசையாகத் தோட்டங்கள் இருந்தன. நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நடப்பட்டது 1917இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். ரப்பர் மரங்கள் மறைந்து, இன்று பார்க்கும் இடமெல்லாம் செம்பனையாக நிற்கிறது.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். தாத்தா 'வேலைக்காரி'யைப் பார்த்தது அப்படித்தான். படத்தில் வரும் பாட்டைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ அவர் என்னிடம் சொன்னதில்லை. ஓர் ஏழைவீட்டுப் பிள்ளை கேள்வி கேட்க, பெரிய மனிதர்கள் பதில் தேடித் திணறியதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அது ஏன் அவர் மனத்தில் அப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பாட்டி தோட்ட ஆபிஸைப் பற்றிச் சொன்னபோதுதான் விளங்கியது. வேலைக்கு வராத நாளுக்கோ, பால் எடை குறைந்ததற்கோ விசாரணை என்றால், துரை மேலே நாற்காலியில் இருப்பாராம். கிராணி பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு நிற்பாராம். தொழிலாளி படிக்குக் கீழே நிற்க வேண்டும். கேள்வி மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே ஒரு கேள்வியும் போகாது.

இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டும் அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை வரலாற்று மாணவர்கள் அறிவார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில் கூலி உயர்வோடு சேர்த்து இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையைக் கண்டதும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. அரசு இராணுவத்தை இறக்கியது. தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். நேருக்கு நேர் நிமிர்ந்து பார்ப்பதற்கே உயிர் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு, திரையில் ஒருவன் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்டது சாதாரணப் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. 1965இல் அண்ணா மலேசியாவுக்கு வந்தபோது இங்கிருந்த தமிழர்கள் அவரை அவ்வளவு ஆவலோடு வரவேற்றதன் பின்னணியும் இதுதான்.

இராவணன் கூண்டில் ஏறுகிறான்

இப்போது 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்துக்கு வருவோம். நீதிமன்றக் காட்சி எழுத விரும்பும் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நாடகம் இது. இராவணனுக்கு முன்பு வழங்கிய தீர்ப்பு சரிதானா என்று பூலோகத்தில் ஐயம் எழுந்துவிடுகிறது. தேவலோகத்தில் மறுவிசாரணை நடக்கிறது. நீதிதேவன் தலைமை வகிக்கிறான். குற்றம் சாட்டும் இடத்தில் கம்பர் நிற்கிறார். இராவணன் தனக்குத் தானே வக்கீல்.

அண்ணா இங்கே செய்த முதல் வேலை, குற்றச்சாட்டை ஒரே சொல்லில் சுருக்கியது. சீதையைச் சிறையெடுத்தது, போர் தொடுத்தது என்று நீண்ட பட்டியல் போடவில்லை. இராவணன் இரக்கம் இல்லாதவன் என்பதுதான் குற்றச்சாட்டு. இரக்கம் என்ற ஒரு சொல்லைச் சுற்றியே முழு நாடகமும் சுழல்கிறது. பத்துக் குற்றச்சாட்டுகள் இருந்தால் அவையோர் மனம் பத்து இடத்தில் சிதறும். ஒன்றே ஒன்று என்றால் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

இரண்டாவது வேலை, எதிர்த்தரப்பைப் பலமாக வைத்தது. இராவணனைக் குற்றம் சாட்ட ஒரு கோமாளியை நிறுத்தியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும், ஆனால் நாடகம் படுத்துவிட்டிருக்கும். கம்பரையே நிறுத்தினார். தமிழர் எல்லாரும் கவிச்சக்கரவர்த்தி என்று போற்றும் ஒருவர் எதிரில் நிற்கும்போதுதான், கூண்டில் இருப்பவன் எப்படித் தப்பிக்கப் போகிறான் என்ற கவலை நமக்கு வருகிறது.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் இரக்கம் உள்ளவன் என்று இராவணன் நிரூபிக்க முயல்வதில்லை. அப்படி முயன்றிருந்தால் ஒரே காட்சியில் தோற்றிருப்பான். அவன் அளவுகோலைக் கையில் எடுக்கிறான். இரக்கம் இல்லாமை குற்றம் என்றால், அந்தக் குற்றத்தை வேறு யாரும் செய்யவில்லையா என்று கேட்கத் தொடங்குகிறான். ஏகலைவனின் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கிய துரோணர், தாயின் தலையைத் துண்டித்த பரசுராமர், தாயையும் சேயையும் கைவிட்ட விசுவாமித்திரர் என்று புராணங்கள் போற்றும் பெரியவர்களை ஒவ்வொருவராக அழைத்து நிறுத்துகிறான். ஒவ்வொருவர் கதைக்குப் பிறகும் அதே கேள்விதான். இங்கே இரக்கம் இருந்ததா?

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் சலிக்கும் என்று நாம் நினைப்போம். இங்கே சலிக்கவில்லை. காரணம், ஒவ்வொரு முறையும் கேள்வி நீதிதேவனின் நாற்காலிக்கு ஒரு படி அருகில் போகிறது. படிக்கும்போது, அடுத்து யார், அடுத்து யார் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. கடைசியில் கேட்கப்படப்போவது தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருப்பவன்தான் என்பதை நாம் முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறோம். உணர்ந்த பிறகும் அந்தக் கணம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் பதற்றம்.

முடிவில் தீர்ப்பு வருவதில்லை. நீதிதேவன் மயங்கி விழுகிறான். நாடகத்தின் பெயரே முடிவைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் படிப்பவர்கள் அதிர்கிறார்கள். என்ன நடக்கும் என்பதை மறைத்து வைப்பதால் மட்டும் பதற்றம் வருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நம் நாட்டில் ஜூரி முறை 1995இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அண்ணாவின் நாடகத்தில் மட்டும் பார்வையாளர்கள்தான் இன்னும் ஜூரிகள். தீர்ப்பு அவர்கள் கைக்கு வந்துசேர்கிறது.

இந்த உத்தி தமிழுக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை படித்த மாணவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். அங்கேயும் தீர்ப்பு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. கோவலன் கொல்லப்பட்டுவிட்டான். கண்ணகி வந்து வழக்கைத் திறக்கிறாள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற ஒரே கேள்வியில் வழக்கு நிற்கிறது. சிலம்பு உடைந்ததும், தீர்ப்புச் சொன்ன மன்னன் குற்றவாளி ஆகிறான். பாண்டியன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் விடுகிறான். நீதிதேவனோ ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மயக்கம் அவனுக்கு ஒரு தப்பும் வழியாகிவிடுகிறது. பாண்டியனின் நேர்மையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த மயக்கம் இன்னும் கூர்மையாகக் குத்துகிறது.

அத்தையின் எதிர்வாதம்

இந்த நாடகத்தை என் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இராமாயணத்தைக் கேட்டே வளர்ந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். ஊரில் நான்கு பேர் திருடினார்கள் என்று காட்டினால் ஐந்தாவது திருடன் நல்லவன் ஆகிவிடுவானா என்பதுதான் அது.

சட்டப்படி பார்த்தால் அத்தையின் வாதம் சரியானது. மற்றவர்களும் செய்தார்கள் என்பது எந்த நீதிமன்றத்திலும் விடுதலைக்குக் காரணம் ஆகாது. இராவணன் செய்த தவறு தவறுதான். ஆனால் மீண்டும் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அண்ணா இராவணனை விடுதலை செய்யவே இல்லை. அவனை நல்லவன் என்று அறிவிக்கும் தீர்ப்பு நாடகத்தில் இல்லை. ஒரே அளவுகோலால் எல்லாரையும் அளக்கிறோமா என்ற கேள்வியோடு நாடகம் நின்றுவிடுகிறது. அத்தை தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஏகலைவன் கதையைப் பற்றி அன்று இரவு அரைமணி நேரம் பேசினார். துரோணர் செய்தது நியாயமில்லை என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம்.

எழுதியவரே கூண்டில்

நீதிமன்றத்தை மேடையில் கட்டியவர் உண்மையான நீதிமன்றத்திலும் நிற்க நேர்ந்தது. 1949 செப்டம்பர் 17இல் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு, 'ஆரிய மாயை' என்ற நூலை எழுதியதற்காக அவர்மீது வழக்கு நடந்தது. 700 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பானது. அண்ணா அபராதம் கட்ட மறுத்துத் திருச்சிச் சிறைக்குப் போனார். சில நாள்களிலேயே அரசு அவரை விடுவித்தது. உண்மையான நீதிமன்றத்தில் நீதிபதி மயங்கி விழவில்லை. தீர்ப்பு வந்தது, சிறைக்கதவு மூடியது. எழுத்துக்கு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே எழுதியவர் அவர்.

அதன்பின் அவர் வாழ்க்கை வேகமாக நகர்ந்தது. 1957இல் காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் அதே தொகுதியில் தோற்று, நாடாளுமன்ற மேலவைக்குச் சென்றார். 1967 மார்ச் மாதம் முதலமைச்சர் ஆனார். சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்ற திருத்தம் அவர் ஆட்சியில் வந்தது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் 1969 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேள்வி கேட்கும் இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர், பதில் சொல்ல வேண்டிய நாற்காலிக்கு வந்துவிட்டார்.

அந்த நாற்காலியில் அவர் இருந்தபோதுதான், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்தார்கள். கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அண்ணா அப்போது புற்றுநோயால் நலிந்திருந்தார். ஆனாலும் அவர் அரசு அந்த ஏழைகளைக் காக்கத் தவறியது ஏன் என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் எழுகிறது. அடுத்த நாற்பதாவது நாள், 1969 பிப்ரவரி 3இல், 59 வயதில் அவர் மறைந்தார். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் பின்னாளில் விடுவித்துவிட்டது.

அண்ணாவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. கூலி கேட்டதற்காகத் துன்பப்பட்டவர்களின் வழிவந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி வலிக்கிறது. தவிரவும், நாற்காலியில் இருப்பவரிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவரே அண்ணாதான். அவர் நாற்காலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால், அவர் எழுதிய நாடகத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்று ஆகிவிடும்.

நீங்கள் எழுதப்போகும் காட்சிக்கு

பள்ளியிலோ கல்லூரியிலோ நாடகப் போட்டிக்கு எழுத உட்காரும் நண்பர்களுக்கு, அண்ணாவிடம் நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குற்றச்சாட்டை ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இன்னும் யோசியுங்கள். உங்களுக்குப் பிடிக்காத தரப்புக்கு உங்களால் எழுத முடிந்த மிகச் சிறந்த வாதத்தைக் கொடுங்கள். வழக்குக்கு அடியில் இன்னொரு வழக்கு ஓடட்டும். ஒவ்வொரு கேள்வியும் முந்தியதைவிட ஒரு படி மேலே போகட்டும். குரலை உயர்த்துவதைக் கடைசி வரை ஒத்திப்போடுங்கள். பல நேரங்களில் உயர்த்தவே தேவையிருக்காது.

நான் எழுதும் காட்சி ஒரு தோட்ட ஆபிஸில் நடக்கிறது. வழக்கு, எடை குறைந்த ஒரு வாளிப் பால். நாற்காலி, கணக்குப் புத்தகம், மூன்று படிகள், அவ்வளவுதான் மேடையில். தராசைச் சரிபார்த்தது யார் என்று கீழே நிற்கும் பெண் ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வியை எந்த இடத்தில் வைப்பது என்பதற்காக மட்டும் நான்கு முறை திருத்தி எழுதிவிட்டேன். இப்போது அது கடைசிக்கு முந்திய இடத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் ஒத்திகையில் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அண்ணாவின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'நீதிதேவன் மயக்கம்' ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய நாடகம். தனியாகப் படிக்காதீர்கள். மூன்று பேர் சேர்ந்து நீதிதேவன், கம்பர், இராவணன் என்று பிரித்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். முடிந்தால் உங்களோடு கருத்து ஒத்துப்போகாத ஒருவரைக் கம்பராக உட்கார வையுங்கள்.